வாலி நின்ற இடம்

சேலத்துக்கு மேற்கே, ஓமலூர் வட்டத்தில், தாரமங்கலம் என்றோர் ஊர் உண்டு. அவ்வூர்க் கயிலாசநாதர் கோயிலைக் காணாத தமிழ் மாணவர் நம் பகுதியில் இருத்தலாகாது என்பது என் கருத்து. கெட்டி முதலியார் என வழங்கப்பெறும் குறுநிலத் தலைவர்களின் ஆதரவில் வளம்பெற்ற அக்கோயிலின் தூண்கள், கருங்கல்லும் கைவண்ணத்துக்கு மெழுகாகும் என்பதற்குச் சான்றாய் நிற்பவை. கல்லிலேயே கோக்கப்பட்ட சங்கிலியைக் காணலாம். விலங்கின் வாய்க்குள் விரலால் தள்ள உருண்டோடி, வெளியே எடுக்க முயன்றால் வாராத கல் உருண்டையைக் காணலாம். வந்தவர் எவராயினும் அவ்வுருண்டையை ஒருமுறை உருட்டிப் பார்க்காமல் திரும்புவதில்லை.

இவற்றினும் சிறப்பாகச் சுட்டிக்காட்டப்படுவது ஒன்றுண்டு. ஒருபுறம் வாலியும் சுக்கிரீவனும் பொருகின்றனர். அப்பால் வேறொரு தூணில் இராமன் வில்லேந்தி நிற்கின்றான். இராமன் நிற்கும் இடத்திலிருந்து நோக்கினால் வாலி தெரிவான்; வாலி நிற்கும் இடத்திலிருந்து நோக்கினால் இராமன் தெரியான். காப்பியத்தில் மரத்தின் மறைவில் நிகழ்ந்ததைச் சிற்பி தூண்களின் மறைவில் நிகழ்த்திக் காட்டிவிட்டான்.

பல ஆண்டுகளுக்கு முன்பு இளங்கலை மாணவர் சிலரை அங்கு அழைத்துச் சென்றிருந்தேன். ஊர்க்காரர் ஒருவர் எல்லாவற்றையும் விளக்கினார். மாணவர்கள் குறிப்பெடுத்தனர். வகுப்புக்குத் திரும்பியதும் பயணக் கட்டுரை எழுதச் சொன்னேன். ஏறத்தாழ எல்லாருடைய கட்டுரையும் ஒன்றுபோலவே இருந்தது: சங்கிலி, உருண்டை, வாலி, சிற்பியின் அறிவுக்கூர்மை, தமிழர் பெருமை. ஒரே ஒரு மாணவர் மட்டும் மூன்று வரி எழுதியிருந்தார். வாலி இருக்கும் இடத்தில் போய் நின்றதாகவும், அங்கிருந்து பார்த்தபோது தூண்கள் மட்டுமே தெரிந்தனவென்றும், மார்பு கூசியதென்றும். அவ்வளவுதான். சிற்பியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கட்டடக்கலை பற்றியும் ஒன்றும் இல்லை.

பத்துக்கு மூன்று மதிப்பெண் இட்டேன். செய்திகள் போதா என்று சிவப்பு மையில் எழுதியதும் நினைவிருக்கிறது.

இன்று அம்மதிப்பெண்ணை எண்ண நாணுகிறேன். ஏன் நாணுகிறேன் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. கலையைப் படைப்பதிலும் காண்பதிலும் உள்ளுணர்வுக்கு உரிய இடம் யாது, உணர்ச்சிக்கு உரிய இடம் யாது என்னும் வினாவை நான் ஒழுங்காக எதிர்கொண்டது அதன் பின்னரே. அதற்கு எனக்குத் துணைநின்ற நூல்கள் இரண்டு. ஒன்று நம் தொல்காப்பியம். மற்றொன்று, இம்மலரின் வாசகர் எதிர்பாராதது, சீனத்துத் தாவோ நெறியின் சுவாங் ட்சு.

தாவோ என்னும் சீனச் சொல்லுக்கு வழி என்பது பொருள். லாவோ ட்சுவின் பெயரால் வழங்கும் சிறுநூலும், பொது ஆண்டுக்கு நான்கு நூற்றாண்டுகள் முற்பட்ட சுவாங் ட்சுவின் பெயரால் வழங்கும் கதைநூலும் அந்நெறிக்கு ஆதாரங்கள். வலிந்து செய்யாமை அந்நெறியின் உயிர்நாடி. சோம்பியிருத்தல் என்று இதனைப் பொருள்கொள்வோர் உளர், அது பிழை. பொருளின் இயல்போடு கை ஒன்றிப்போகும்போது செய்பவன் வேறு, செயல் வேறு என்ற பிரிவு மறைவதையே அது குறிக்கிறது.

சுவாங் ட்சுவில் ஒரு தச்சன் வருகிறான். மணிகளைத் தொங்கவிடும் சட்டம் ஒன்றைச் செய்தான். கண்டவர்கள் இது மனிதக் கையின் வேலையன்று என்று திகைத்தனர். அரசன் அவனை அழைத்து, எந்த வித்தையால் செய்தாய் என்று கேட்டான். வித்தை ஒன்றுமில்லை என்றான் தச்சன். வேலையைத் தொடங்குமுன் நோன்பிருந்து மனத்தை அடக்குவானாம். மூன்று நாளில் பரிசு, பதவி என்ற எண்ணம் போய்விடும். ஐந்து நாளில் புகழும் பழியும் போய்விடும். ஏழாம் நாளில் தனக்குக் கையும் காலும் உண்டென்பதே மறந்துவிடும். அதன்பிறகே காட்டுக்குள் சென்று மரங்களின் இயல்பை நோக்குவான். சட்டம் ஒரு மரத்தினுள் முழுமையாய் நிற்பது தெரிந்தால் கைவைப்பான், தெரியாவிட்டால் விட்டுவிடுவான்.

நோன்பின் அருமை அறிந்த நம்மவர்க்கு இக்கதையை விரித்துரைக்க வேண்டியதில்லை. நான் இதில் கவனிப்பது வேறொன்று. உணர்ச்சியை வெளிப்படுத்துவதே கலை என்று இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இத்தச்சனோ தன் உணர்ச்சிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துவிட்டே வேலைக்குப் போகிறான். அப்படியிருந்தும் அவன் செய்ததைக் கண்டவர்கள் திகைத்து நின்றனர். செய்தவனிடத்தில் அடங்கிய உணர்ச்சி காண்பவரிடத்தில் எழுந்தது. கொட்டித் தீர்த்தல் வேறு, எழச்செய்தல் வேறு. நம் திரைப்படங்களிலும், ஏன், நம் மேடைப்பேச்சுகளிலும் பேசுபவரே அழுதுவிடுகிறார். கேட்பவர்க்கு அழுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

கொழும்பில் பிறந்த தமிழர் மரபினரான ஆனந்த குமாரசுவாமி (1877–1947), 1934ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கலையில் இயற்கையின் உருமாற்றம்' என்னும் ஆங்கில நூலில் இதனை ஆழமாக ஆராய்ந்துள்ளார். இந்தியச் சிற்பநூல் மரபையும் சீன ஓவியக் கோட்பாட்டையும் அருகருகே வைத்து நோக்கியவர் அவர். கலைஞன் தன்னை வெளியிடுவதற்காகவே படைக்கிறான் என்ற அண்மைக்கால ஐரோப்பியக் கருத்தை அவர் ஏற்றதேயில்லை. ஆறாம் நூற்றாண்டுச் சீன அறிஞர் சியே ஹோ ஓவியத்துக்கு வகுத்த ஆறு நெறிகளுள் முதலாவது, உயிர்மூச்சின் இயைபு ஓவியத்தில் அசைந்து நிற்கவேண்டும் என்பது. நம் தமிழில் உயிரோட்டம் என்று சொல்கிறோமே, ஏறக்குறைய அதுதான். உருவொப்புமை என்பது அவ்வரிசையில் பின்னரே வருகிறது. இடையே ஒன்று: மோகனூரில் 1888இல் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை தொடக்கத்தில் ஓவியத்தையே தொழிலாகக் கொண்டவர் என்பதை நம் மாணவர் பலர் அறியார். ஆளுருவை வரைந்து பொருளீட்டுபவர்க்கு உருவொப்புமை தவிர்க்க முடியாதது. முகம் பொருந்தாவிட்டால் வரையச் சொன்னவர் பணம் தரமாட்டார். அத்தொழிலில் கண்ணைப் பழக்கியவர் பிற்காலத்தில் சொல்லைத் தேர்ந்தது, ஒப்புமையைத் தாண்டவேண்டும் என்ற வேட்கையாலோ என்று நான் சிலபோது எண்ணுவதுண்டு. இது என் ஊகம் மட்டுமே.

மாணவரின் மூன்று வரிக்கு வருவோம். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டு என வகுத்தார்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. ஒவ்வொன்றுக்கும் நிலைக்களன்கள் நான்கு. தாரமங்கலத்தில் உருண்டையை உருட்டிய எல்லார்க்கும் தோன்றியது மருட்கை. அம்மாணவர்க்குத் தோன்றியது அச்சம். அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு காரணம் சொல்லப்படுகின்றன. மறைந்திருந்து அம்பு தொடுக்கும் ஒருவனிடத்து எழும் அச்சத்தை இந்நான்கனுள் எதில் அடக்குவது? கள்வர் என்பதிலா, தம் இறை என்பதிலா? கம்பனின் வாலி வீழ்ந்துகிடந்து இராமனிடம் கேட்கும் கேள்விகளெல்லாம் இவ்விரண்டுக்கும் நடுவே நின்று கேட்கப்படுபவையே அல்லவா? பட்டிமன்றங்களில் ஆண்டாண்டாய் வாதிட்டுத் தீராத ஒன்று, தூணருகே நின்ற பத்தொன்பது வயது இளைஞரின் மார்பில் ஒரு கூச்சமாய் வந்துபோயிருக்கிறது. நான் அதற்குச் செய்திகள் போதா என்று எழுதினேன்.

மெய்ப்பாடு என்னும் சொல்லையே நோக்குக. மெய்யில் படுவது மெய்ப்பாடு. அறிவில் பட்டுப் பின்னர் மெய்யில் இறங்குவதன்று. அவ்வியலின் இறுதி நூற்பா, கண்ணாலும் செவியாலும் உறுதியாக உணரவல்லார்க்கு அன்றி ஏனையோர்க்கு மெய்ப்பாட்டின் நயம் எண்ணிப் பார்த்தற்கும் அரிது என்னும் கருத்தைச் சொல்லி முடிகிறது. இலக்கணம் செய்த ஒருவர், தம் இலக்கணத்தின் எல்லையைத் தாமே வரைந்துகாட்டும் இடம் அது. வாய்பாடு தந்தேன், ஆனால் உணர்பவன் நீதான் என்று அவர் விலகிக்கொள்கிறார்.

சுவாங் ட்சு இன்னும் கடுமையாகவே பேசுகிறார். அரசன் ஒருவன் மண்டபத்தில் அமர்ந்து நூல் படிக்கிறான். கீழே முற்றத்தில் சக்கரம் செய்யும் முதியவன் உளியை வைத்துவிட்டு, படிப்பது என்ன என்று கேட்கிறான். முன்னோர் மொழி என்கிறான் அரசன். முன்னோர் உயிரோடு உள்ளனரா? இல்லை. அப்படியானால் தாங்கள் படிப்பது அவர்கள் விட்டுச்சென்ற சக்கை என்கிறான் முதியவன். அரசன் சினந்து விளக்கம் கேட்க, முதியவன் தன் தொழிலையே சான்றாகக் காட்டுகிறான்: உளியை மெதுவாக ஓட்டினால் பிடிப்பில்லை, விரைந்து ஓட்டினால் உள்ளே இறங்காது, இரண்டுக்கும் நடுவே ஒரு பதம் இருக்கிறது, அது கைக்குத் தெரியும், வாயால் சொல்ல வராது, அதை என் மகனுக்கும் கற்றுக்கொடுக்க இயலவில்லை, எழுபது வயதிலும் நானே சக்கரம் செய்துகொண்டிருக்கிறேன்.

தமிழ்த்துறையில் காலம் கழித்த ஒருவனுக்கு இக்கதை இனிப்பதற்கில்லை. நாம் நாள்தோறும் பயிற்றுவிப்பது முன்னோர் மொழியைத்தான். அது சக்கையென்றால் நாம் யார்? நெடுநாள் இதனோடு மல்லாடினேன். பிறகு ஒன்று தோன்றியது. இக்கதையையே நான் நூலில்தான் படித்தேன். படித்ததும் அது என்னைச் சுட்டது. ஆகவே நூலைப் பழிப்பது கதையின் நோக்கமன்று. உரையையும் குறிப்பையும் கண்ணுக்கும் பொருளுக்கும் நடுவே திரையாக நிறுத்தும்போதுதான் நூல் சக்கையாகிறது. உருண்டை உருளும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் மாணவன் காண்பது உருண்டையை அன்று. உருளுமா என்று சரிபார்க்கிறான்.

இனி வெறுமையைப் பற்றி. லாவோ ட்சுவின் நூலில் சக்கரத்தைப் பற்றியும் குடத்தைப் பற்றியும் ஒரு கருத்து வருகிறது. ஆரங்கள் பல கூடினும், அச்சு நுழையும் நடுத்துளையே சக்கரத்தைச் சக்கரமாக்குகிறது. மண்ணால் வனைந்தாலும் குடத்தின் பயன் அதன் உள்வெளியில் இருக்கிறது. சீன ஓவியர் இதனை அப்படியே பட்டுத்துணியில் இறக்கினர். பன்னிரண்டு பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த மா யுவானின் படைப்பாகக் கருதப்படும் ஓவியம் ஒன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. குளிர்கால ஏரியில் தனியொரு மீன்பிடிப்பவன் படகில் குனிந்திருக்கிறான். படகைச் சுற்றிச் சில அலைக்கோடுகள். மற்றதெல்லாம் வெறும் பட்டு. அந்த வெறுமையே நீராகிறது, குளிராகிறது, தனிமையுமாகிறது. அதன் படியை அச்சில் கண்டபோதே எனக்குச் சிலிர்த்தது.

வாலி நின்ற இடத்திலிருந்து தெரியும் வெறுமையும் அத்தகையதே. தாரமங்கலத்துச் சிற்பி அங்கு வடித்தவற்றுள் மிக நுட்பமானது, வடிக்காமல் விட்ட அந்த வெளிதான். சங்கிலியும் உருண்டையும் திறத்தைக் காட்டுகின்றன. பார், பார் என்கின்றன. வாலியின் முன்னுள்ள வெளியோ ஒன்றையும் காட்டவில்லை. காட்டாததாலேயே காண்பவனை வாலியாக்கிவிடுகிறது. ஆனால் நாமோ அதனையும் ஒரு வித்தையாகவே அறிமுகம் செய்கிறோம். இங்கிருந்து தெரியும், அங்கிருந்து தெரியாது, எப்படி வேலை பார்த்திருக்கிறான் பாருங்கள் என்று சொல்லி அடுத்த தூணுக்கு நகர்ந்துவிடுகிறோம்.

நம் அகப்பாட்டு மரபுக்கும் இது புதிதன்று. சீனர் தம் இயற்கை ஓவியத்தை மலைநீர் என்னும் பொருள்படும் சொல்லாலேயே குறிக்கின்றனர். நம் கபிலரும் தலைவியின் துயரைச் சொல்லவந்து மலையையும் அருவியையும் குரங்கையும் சொல்லி நிறுத்திவிடுகிறார். இறைச்சி என்று இலக்கணம் பெயரிட்டது அந்த நிறுத்தத்தைத்தான். மேலும், பள்ளிவாசலில் தொழுகைத் திசை நோக்கி அமைந்த மிஃராப் மாடத்தை நினைத்துப் பார்க்கலாம். உருவெதுவும் இல்லாத ஒரு வெற்று மாடம். ஆயினும் அவை முழுவதும் அதனை நோக்கியே நிற்கிறது. சீனத்துச் சியான் நகரில் உள்ள பெரிய பள்ளிவாசல், 1392ஆம் ஆண்டையொட்டி எழுந்தது, முற்றிலும் சீனக் கட்டடப் பாங்கில் அமைந்தது. அந்நாட்டு முஸ்லிம்கள் அரபு எழுத்தைத் தூரிகை வீச்சோடு தடித்தும் மெலிந்தும் எழுதும் தனிப்பாங்கு ஒன்றையும் வளர்த்தனர். திருக்குர்ஆனை அரபு மூலத்திலிருந்து ஜப்பானிய மொழிக்குப் பெயர்த்த அறிஞர் தோஷிஹிகோ இசுட்சு (1914–1993), இப்னு அரபியின் மெய்யியலையும் லாவோ ட்சு, சுவாங் ட்சு ஆகியோரின் மெய்யியலையும் ஒப்பிட்டுப் பெருநூலே எழுதியுள்ளார். இரண்டும் ஒன்றென்று சொல்வதற்கு நான் துணியேன். அவற்றின் வேர்கள் வேறு. ஆயினும் இரண்டு நெறியையும் கற்ற ஒருவர் ஒப்பிடத் தகும் என்று கருதினார் என்பதே, இதனை அயல்நாட்டுப் புதுமை என்று ஒதுக்கும் பெரியோர்க்கு நான் சொல்லக்கூடிய விடை.

பெரியோரின் மற்றொரு தடை வலுவானது. உள்ளுணர்வு என்று சொல்லிவிட்டால் உழைப்புக்கு விடைகொடுத்ததாகாதா? எனக்கு அப்படித் தோன்றியது என்று எதை வேண்டுமானாலும் எழுதலாமே? இத்தடையை எளிதாகத் தள்ளக்கூடாது. இன்று ஓவியக் கண்காட்சிகளிலும் புதுக்கவிதை நூல்களிலும் இந்த ஒரு சொல்லின் நிழலில் ஒதுங்கிக்கொள்வோர் மிகுதி.

ஆனால் சுவாங் ட்சு இதற்கு இடம் தரவில்லை. அவர் நூலில் மாடு அறுப்பவன் ஒருவன் வருகிறான். சாதாரண ஆள் மாதம் ஒரு கத்தி மாற்றுவான், கைதேர்ந்தவன் ஆண்டுக்கு ஒன்று மாற்றுவான். இவன் கத்தியோ பத்தொன்பது ஆண்டாகியும் சாணையிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல் இருக்கிறது. தொடக்கத்தில் அவன் கண்ணுக்கு முழு மாடுதான் தெரிந்தது. மூன்று ஆண்டுக்குப் பின்னர் முழு மாடு தெரியவில்லை. இப்போது கண்ணால் பார்ப்பதையே விட்டுவிட்டான். மூட்டுக்கும் மூட்டுக்கும் நடுவேயுள்ள இடைவெளியில் கத்தி தானே போகிறது. அப்படிப்பட்டவனும் சிக்கலான முடிச்சு வந்தால் நின்று, கண்ணை ஊன்றி, கையை மெல்ல அசைப்பான் என்று கதை சொல்கிறது. அந்த இடத்தை நம்மவர் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. உள்ளுணர்வு என்பது பயிற்சிக்கு முன்னே நிற்பதன்று. பயிற்சி உடம்பில் கரைந்தபின் நிற்பது.

இதனைக் காணச் சீனத்துக்குப் போகவேண்டியதில்லை. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்குச் சென்று பாருங்கள். பலகை ஓரத்தில் நீளக்கோடு இழுப்பவர் அளவுகோலை வைப்பதில்லை. தூரிகையை ஊன்றி, மூச்சை அடக்கி, பின்னோக்கி நகர்ந்துகொண்டே இழுக்கிறார். கோடு நூல் பிடித்தாற்போல் வருகிறது. அவ்வாறு வரைந்த ஒருவரிடம் எப்படி என்று கேட்டேன். யோசித்தால் கோணிப்போகும் என்றார். எத்தனை ஆண்டுப் பழக்கம் என்று கேட்டதற்கு, சிறுவனாக வர்ண டப்பா கழுவ வந்த கதையைத் தொடங்கிவிட்டார்.

துறையூரை அடுத்த கீராம்பூரில் பிறந்த ஓவியர் கே.எம். ஆதிமூலம் (1938–2008) மற்றொரு சான்று. காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி அவர் வரைந்த காந்தியின் கோட்டோவியங்கள் புகழ்பெற்றவை. கோடு பின்னிப் பின்னி உருவம் எழும். கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்கு அவர் வரைந்த படங்களைப் பத்திரிகை வாசகர் பலர் நினைவில் வைத்திருப்பர். பின்னாளில் அவர் உருவத்தையே விட்டுவிட்டு வண்ணப் பரப்புகளை மட்டும் தீட்டினார். அவற்றின் முன் நின்று இது என்ன என்று கேட்பவரே மிகுதி. வயலா, வானமா, பாறையா என்று விடை தேடிக் களைத்துப்போகிறோம். மாலை வெயில் கொல்லிமலையின் தோளில் விழும்போது இது என்ன என்று நாம் கேட்பதில்லையே! கோட்டில் அவ்வளவு தேர்ந்த கை கோட்டைக் கைவிட்டதென்றால் அது வரையத் தெரியாமையால் அன்று என்ற ஒன்றையாவது பார்வையாளர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கொல்லிமலை என்றதும் கொல்லிப்பாவை நினைவுக்கு வருகிறது. சங்கப் புலவர்க்கு அது அழகின் உவமை. காற்று அடித்தாலும் மழை கொட்டினாலும் நிலமே நடுங்கினாலும் நலங்குன்றாத பாவை அது. செய்தவர் யார் என்றால் தெய்வம் என்றும் பூதம் என்றும் சொல்லிவிடுகின்றனர்; சிற்பியின் பெயரில்லை. தச்சன் செய்த சட்டத்தைக் கண்டோர் இது மனிதக் கையின் வேலையன்று என்று சொன்னதும் இதுவும் ஒரே வியப்பின் இரு மொழிகள்.

ஆகவே உள்ளுணர்வை அளக்க அளவுகோலே இல்லையென்பதும் சரியன்று. காண்பவன் உணர்ந்தது பொருளில் ஊன்றியிருக்கிறதா என்று கேட்கலாம். அம்மாணவர்க்கு எழுந்த அச்சம் அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்ததன்று. அந்த இடத்தில் நின்றால், அந்தத் தூண்கள் அப்படி மறைத்தால், எவர்க்கும் எழக்கூடியது. கல் சொன்னதைத்தான் அவர் எழுதினார். வகுப்பில் நான் செய்திருக்கவேண்டியது மதிப்பெண்ணைக் குறைப்பதன்று. ஏன் மார்பு கூசியது, முதுகு ஏன் கூசவில்லை என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அவர் மேலும் இரண்டு பக்கம் எழுதியிருப்பார். அதனோடு கம்பனையும் படித்திருப்பார், யாரும் சொல்லாமலே.

தேர்வுத்தாளில் இதற்கு இடமெங்கே என்று ஆசிரிய நண்பர்கள் கேட்பர். நயம் பாராட்டுக என்னும் வினா இருக்கத்தான் இருக்கிறது. அதற்கு எதுகை நயம், மோனை நயம், உவமை நயம் என்று தலைப்பிட்டு எழுதப் பழக்கியவர்கள் நாமே. எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் அதே தலைப்புகள், அதே வரிசை. பாட்டைப் படிக்காமலேயே நயம் பாராட்டிவிடலாம். அவ்வாறு எழுதியோர்க்கு நானும் பத்துக்கு எட்டு இட்டிருக்கிறேன்.

இவ்வாண்டு முதலாண்டு மாணவரைத் தாரமங்கலம் அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன். குறிப்பேடுகளைப் பேருந்திலேயே வைத்துவிட்டு இறங்கவேண்டும். முதல் அரைமணி நேரம் எவரும் பேசலாகாது, நான் உட்பட. வாலி நின்ற இடத்தில் ஒவ்வொருவராய்ப் போய் நிற்கட்டும். இராமன் எங்கே என்று நான் சொல்லப்போவதில்லை. அதன்பிறகு உருண்டையையும் உருட்டிப் பார்க்கலாம். அதை ஏன் விடவேண்டும்?